கடைசியாக வருகிறவர் அணைக்கவும்

ஜூன் 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். நான் கத்தினால் நீங்கள் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்பீர்கள். அதைக் கேட்டால் இன்னும் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. என்னையும் கேட்க வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பாப்பா செத்து இரண்டு வருடம் ஆகிறது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. சமையலறைக்கும் குடோன் சுவருக்கும் நடுவே, வெயிலே விழாத அந்த நீள இடத்தில் அவள் ஒரு தோட்டம் போட்டிருந்தாளே, அதில் இருக்கிற புள்ளிச் செடி அன்றிலிருந்து பூக்கவில்லை. செடி சாகவில்லை. குளிரில் தண்டெல்லாம் காய்ந்து தரையோடு போகிறது. மழை வந்ததும் தூரிலிருந்து முளைத்து இடுப்பளவு வளர்கிறது. இலை பளபளவென்று இருக்கிறது. மொட்டு மட்டும் இல்லை. சுற்றியிருக்கிற பெரணியெல்லாம் சௌக்கியம்.

நாற்றுப் பண்ணைக்காரனைக் கூட்டிவந்து காட்டினேன். "வெயிலே இல்லையேம்மா, இங்க என்னத்த பூக்கும்?" என்றான். "நிழல்ல பூக்கிற செடிப்பா இது" என்றேன். "அப்ப உரம் போடுங்க" என்று ஒரு மூட்டையை என் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஊரார் தலையில் சரக்கைக் கட்டியே முன்னுக்கு வந்தவள் நான். என் தலையிலேயே கட்டிவிட்டான்.

கல்யாணமாகி உங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று பாப்பா அந்தத் தூரை என் ரொட்டிக் கத்தியால் இரண்டாக அறுத்தாள். பாதியை ஒரு பெயின்ட் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். கத்தியின் பல் போனதுதான் எனக்கு மிச்சம். அந்தப் பாதி உங்களிடம் இருக்கிறதா? பூக்கிறதா? பூக்கிறதென்றால் அனுப்பி வையுங்கள். இங்கிருந்து போனதுதானே அது. அவள் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். செடியை ஏன் கொடுக்கவில்லை?

எனக்கு அந்தப் பூவை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

உறையின்மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் படிக்கட்டில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரித் தெரிகிறது. எதிர்வீட்டு அம்மாள் "மறுபடியும் நின்னு போச்சா?" என்று கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடி ஏறிப் போனார்கள்.

செடி இருக்கிறது, அத்தை. பூக்கவும் செய்கிறது. போன வருடமும் பூத்தது. உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். வடக்குப் பார்த்த பால்கனி. எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். ஒரு பொட்டு வெயில் வராது. வீடு பார்க்க வந்த அன்று வேறு யாராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். உங்கள் மகள் பால்கனியைப் பார்த்துவிட்டு "இதையே எடுத்துக்கலாம்" என்றாள். சமையலறையை அவள் பார்க்கவே இல்லை.

ரயிலில் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தாள். டிக்கெட் பார்க்கிறவர் "என்னம்மா இது?" என்றார். "பாகப்பிரிவினை சார். என் பங்கு" என்றாள். அவர் சிரிக்கவில்லை. நாங்கள்தான் அடுத்த ஸ்டேஷன் வரை சிரித்தோம்.

அனுப்பச் சொல்லாதீர்கள், அத்தை. வேறு எதைக் கேட்டாலும் தருகிறேன். இது ஒன்றுதான் இந்த வீட்டில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று எழுதுகிறேன். உரம் வேண்டாம், போட்டிருந்தால் மேல் மண்ணோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். உரம் போட்டால் இலைதான் கொழுக்கும் என்பாள். மக்கிய இலையைக் கையால் நொறுக்கித் தூரைச் சுற்றி மெத்தை போல் போடுவாள், தண்டை மட்டும் தொடாமல். மண் எப்போதும் பிழிந்த துணி மாதிரி இருக்க வேண்டும், சொட்டவும் கூடாது, காயவும் கூடாது. விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவாள். மழை நாளில் நத்தை இளந்தளிரைத் தின்றுவிடும். கையால் பொறுக்கித் தூர விட்டுவிட வேண்டும். உப்புப் போட்டுக் கொன்றால் எனக்குத் திட்டு விழும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஜூலை 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

"உங்கள் மகள், உங்கள் மகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன், உங்களுக்கு அவள் ஒன்றுமில்லையா? வாடகைக்கு எடுத்துப் போனீர்களா?

நீங்கள் செடியைத் தர மாட்டேன் என்றதும் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். பின்பாதியில் வைத்தியம் எழுதியிருந்ததால் தப்பித்தது. சொன்னபடியே செய்திருக்கிறேன். உரத்தை மண்ணோடு சுரண்டிச் சாக்கில் கட்டியாயிற்று. கடைக்குப் போகிற வழியில் பூங்கா ஓரமாகக் கிடக்கிற இலையை நானே பொறுக்கினேன். கடையில் வேலை பார்க்கிற பெண்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்கள். "ஓனரம்மா குப்பை பொறுக்குறாங்கடி" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. "ஆமா, அடுத்தது உன்னைத்தான் பொறுக்கப் போறேன், வந்து சாக்கைப் பிடி" என்றேன்.

எனக்குச் செடி கொடி ஆகாது. உங்களுக்கே தெரியும். நடைபாதையில் உட்கார்ந்து பல்பை ஒவ்வொன்றாக எரித்துக் காட்டி விற்றவள் நான். வெளிச்சமாக இருந்தால்தான் சரக்கு என்று என் புத்தியில் ஏறிப்போனது. இவளோ இருட்டைத் தேடிப் போய்த் தோட்டம் போட்டாள். முதல் தடவை பூத்தபோது என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். வெள்ளையில் ஊதாப் புள்ளி. காசளவுதான் இருக்கும். இலைக்கும் தண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டு நிற்கிறது. "குனிஞ்சு பார்க்கணும்மா" என்றாள். "குனியாம பார்க்க முடியாத பூவை எவ வாங்குவா?" என்றேன். "விக்கிறதுக்கு இல்லம்மா" என்றாள். அன்றைக்கு நான் குனியவில்லை. அடுக்களையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது தினமும் குனிகிறேன். கடையிலிருந்து வந்ததும் முதல் வேலை அதுதான். எந்நேரம் வந்தாலும் ஒவ்வொரு இலையும் நரம்பு வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது. மொட்டு இருந்தால் தப்பவே முடியாது. இல்லை.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே எனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அன்றே வந்திருப்பேன். நான் வந்து இறங்கியபோது அவள் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். நீங்கள் பெட்டிகளோடு என் வாசலில் வந்து நின்றபோது, "வச்சிட்டுப் போங்க" என்று சொன்னேனே, அது இதற்காகத்தான்.

அத்தை


ஜூலை 19

அன்புள்ள அத்தைக்கு,

நான் எப்போது "என்" என்று எழுதினாலும் அடுத்த சொல் வர மாட்டேன் என்கிறது. அதனால்தான் உங்கள் மகள் என்று எழுதினேன்.

சேர்த்தது சாதாரணக் காய்ச்சலுக்கு. கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரி விளம்பரத் தாளை வாங்கி அதில் எழுத்துப் பிழைகளைச் சுழித்துக்கொண்டிருந்தாள். பத்திரிகை ஆபீசில் பிழை திருத்திய கை, சும்மா இருக்காதே. நர்ஸ் அதை எடுத்துப்போய் மற்றவர்களுக்குக் காட்டிச் சிரித்தார். "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னார். நான் உங்களுக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டேன். "வேணாம், கடைக்குச் சரக்கு வர்ற நேரம். அப்படியே போட்டுட்டு ஓடி வருவா. வீட்டுக்குப் போனதும் நானே பேசுறேன்" என்றாள்.

மறுநாள் காலை மூச்சு வாங்கியது. உடனே உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் அடுத்த ரயிலிலேயே ஏறிவிட்டீர்கள். அதற்குமேல் யாரால் என்ன செய்திருக்க முடியும் என்று நானும் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

செடிக்கு வருகிறேன். மழைத் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். குடோன் கூரைத் தண்ணீர் நேராகத் தூரில் விழுந்தால் வேர் அழுகும். தண்டுகள் சாய்ந்தால் நிமிர்த்திக் கட்டாதீர்கள். அது சாய்ந்து வளர்கிற ஜாதி. "முதுகை நிமிர்த்தினா வெக்கப்படும்" என்பாள்.

மாப்பிள்ளை


செப்டம்பர் 27

மாப்பிள்ளை,

கூரைத் தண்ணீருக்குக் குழாய் வைத்துத் திருப்பிவிட்டேன். கட்டவில்லை. நத்தை பொறுக்கினேன். விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறேன், நகமெல்லாம் மண். வாடிக்கையாளர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டுச் சில்லறையை மேஜைமேல் வைக்கச் சொன்னார்.

இன்னும் மொட்டு இல்லை. உங்களுடையதில்?

மறைக்காமல் சொல்லுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு செடி வாய் திறக்கவில்லையென்றால் என்ன அர்த்தம்? அவள் கை பட்டால்தான் பூக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செடிக்கு எந்தக் கை என்று எப்படித் தெரியும்? ஏதோ கோளாறு இருக்கிறது. கோளாறு என்றால் சரி செய்ய முடியும். அதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள்.

அத்தை


அக்டோபர் 12

அன்புள்ள அத்தைக்கு,

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது.

மழைக்கு முன்பு எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்குப் புது டியூப்லைட் போட்டார்கள். என் பால்கனிக்கு இடது பக்கம். ராத்திரி முழுக்க எரிகிறது. இந்த வருடம் என் தொட்டியில் வலது பக்கத் தண்டுகளில் இலைக்கு இலை மொட்டு. இடது பக்கம், வெளிச்சம் படுகிற பாதியில், ஒன்றுகூட இல்லை. ஒரே தொட்டி, ஒரே மண், ஒரே தண்ணீர். நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கிறது.

அப்போதுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. இந்தச் செடி ராத்திரி நீளுவதைப் பார்த்துத்தான் மொட்டு விடுமாம். இருட்டு போதவில்லையென்றால் இன்னும் காலம் வரவில்லை என்று இலையாகவே விட்டுக்கொண்டிருக்குமாம். நான் பால்கனி விளக்கைப் போட்டுவிட்டுப் புகைபிடிக்கப் போனால், "அதை ஏமாத்தாத" என்று உள்ளேயிருந்து கத்துவாள்.

எந்நேரம் வந்தாலும் இலை நரம்பு வரை பளிச்சென்று தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே ராத்திரி விளக்கு எரிகிறதா, அத்தை?

இன்னொரு விஷயம். மற்றவர்கள் மூலமாக உங்கள் காதுக்கு வருவதைவிட நானே சொல்வது மரியாதை. கம்பெனிக் கணக்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். கணவரை இழந்தவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முடிவாகவில்லை.

மாப்பிள்ளை


அக்டோபர் 20

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இரண்டாவது விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளுங்கள். வியாபாரியாகச் சொன்னால் சரியான முடிவு. உங்கள் வயதுக்குத் தனியாக இருந்து என்ன சாதிக்கப் போகிறீர்கள்? அவளைப் பெற்றவளாகச் சொன்னால், உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை. இரண்டும் நான்தான். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். ஆமாம், எரிகிறது. பின்வாசல் விளக்கு. நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

அதன் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாப்பா பள்ளிக்கூடம் போன காலத்தில் நான்தான் வீட்டுக்குக் கடைசியாக வருவேன். அவள் அப்பா போனபின் கடை, வசூல் எல்லாம் என் தலையில். பின் சந்து வழியாக வருவேன். சந்தில் ஒரு விளக்கு கிடையாது. அவள் எனக்காகப் பின்வாசல் விளக்கைப் போட்டு வைப்பாள். சில நாள் நான் அப்படியே உள்ளே போய்ப் படுத்துவிடுவேன், விடிய விடிய எரியும். ஒருநாள் செருப்பு டப்பா அட்டையைக் கிழித்து எழுதிச் சுவிட்சுக்கு மேலே ஒட்டினாள்: கடைசியாக வருகிறவர் அணைக்கவும். அதில்கூட முதலில் "அனைக்கவும்" என்று எழுதி, அடித்துத் திருத்தியிருக்கிறாள். பிறகு அவளுக்குப் பத்திரிகை ஆபீசில் வேலை கிடைத்தது, வர நேரமாகும். அப்போதிருந்து நான் போட்டு வைப்பேன், அவள் வந்து அணைப்பாள். டக் என்று அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அட்டை இன்னும் இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து உங்கள் ஊரிலிருந்து திரும்பிய அன்றே பழைய பல்பைக் கழற்றிவிட்டு, என் கடையிலேயே உசத்தியான எல்.ஈ.டி. எடுத்து மாட்டினேன். ஐந்து வருட வாரன்டி. அன்று போட்டது, அணைக்கவில்லை. முப்பது வருடமாக வெளிச்சத்தை விற்றவளிடம் வெளிச்சத்தால் கெடுதல் என்கிறீர்கள். இருக்கலாம். எனக்குச் செடி சாஸ்திரம் தெரியாது.

ஆனால் அணைக்க மாட்டேன். கடைசியாக வருகிறவள் இன்னும் வரவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அணைத்துவிட்டீர்கள். நான் அணைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இனி எழுத வேண்டாம்.

அத்தை


பிப்ரவரி 15

அன்புள்ள அத்தைக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். நவம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று எழுதினேன். இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்தன. இதன் உறைமேல் என் பெயரைப் போடவில்லை. புது டப்பாவில் பழைய சரக்கு என்று நீங்கள் திட்டினாலும் சரி.

பெட்டிகளோடு உங்கள் வாசலில் வந்து நின்ற அன்று நான் ஒன்று சொல்ல வந்தேன். வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வதென்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "வச்சிட்டுப் போங்க" என்றீர்கள். கதவு சாத்தியபின் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு போய்விட்டேன்.

அந்தக் கடைசி நாள் அவளுக்கு நினைவு வந்து வந்து போனது. நீங்கள் ரயிலில் இருந்தீர்கள். வார்டில் தலைக்கு மேலே டியூப்லைட். கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நான் வந்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றாள். அம்மா வந்துகிட்டு இருக்காங்க என்றேன். அவள் அதைக் கேட்கவில்லை. "முழிச்சிட்டே இருப்பா. நான் வந்துட்டேன்னு சொல்லு. அந்த மஞ்ச லைட்டை அணைச்சிட்டுப் படுக்கச் சொல்லு. கண்ணு கூசுது" என்றாள்.

உங்களுக்குப் போன் போட்டேன். ரயிலில் சிக்னல் கிடைக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

எனக்கு அப்போது அது காய்ச்சல் பிதற்றல். உங்கள் கடிதத்தில் அந்த அட்டையைப் பற்றிப் படித்தபிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்று புரிந்தது. நவம்பரிலேயே இதைத்தான் எழுதியிருந்தேன்.

அணைக்கச் சொல்லி எழுதவில்லை, அத்தை. அவள் சொன்னதைச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளை


மார்ச் 3

மாப்பிள்ளை,

முதலில் நீங்கள் ஜோடிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். வியாபாரம் செய்கிறவளுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் போலியா என்றுதான் தோன்றும். விளக்கை அணைக்க வைப்பதற்கு நல்லதாக ஒரு கதை கட்டியிருக்கிறார் என்று கடிதத்தைக் கல்லாவுக்குள் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மதியம் ஒருவர் வந்து குண்டு பல்பு கேட்டார். "இப்ப அதெல்லாம் யாரு சார் வாங்குறாங்க?" என்று சொல்லிக்கொண்டே எடுக்கப் போனவள், ஏணியிலேயே நின்றுவிட்டேன்.

மஞ்ச லைட்டு.

நீங்கள் எங்கள் வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து அங்கே எரிந்தது வெள்ளை. அதற்கு முன்னால்தான் குண்டு பல்பு, மஞ்சளாக எரியும். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில். அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. நானே மறந்திருந்தேன். ஜோடிக்கிறவராக இருந்தால் வெள்ளை என்றல்லவா எழுதியிருப்பீர்கள்.

என் குழந்தை சொன்னதுதான் இது. அதை நான் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அணைத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சுவிட்ச் வரைக்கும் போகிறேன். கை அங்கேயே நின்றுவிடுகிறது.

அத்தை


ஆகஸ்ட் 8

அன்புள்ள அத்தைக்கு,

போன வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். சாட்சிக்கு எதிர்வீட்டு அம்மாள் வந்தார்கள். லிப்ட் அன்று நிஜமாகவே நின்றுபோனதால் எல்லோரும் படியில்தான் இறங்கிப் போனோம்.

கல்யாணமாகி வீட்டுக்கு வந்தவர் பால்கனியில் துணி காயவைக்கப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, "யாரோடது?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு மாடிப்படிப் பக்கம் ஒரு கறுப்புத் துணியைக் கட்டினார், வெளிச்சம் விழாதபடி. நான் கேட்கவில்லை, அவராகவே கட்டினார். நல்லவர், அத்தை. இதை உங்களிடம் சொல்வது சரியா என்று தெரியவில்லை.

உங்கள் செடி எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

மாப்பிள்ளை


நவம்பர் 4

மாப்பிள்ளைக்கு,

மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தேன். இப்போது இருக்கிறது.

நீங்கள் கடைசியாக எழுதிய கடிதம் வந்த மாதத்திலேயே ஒருநாள், கடையை அடைத்துவிட்டு முன்வாசலுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு பின் சந்துக்குள் நுழைந்தேன். பாப்பா வருகிற வழி. அவளுக்கு வேலை கிடைத்தபின் அந்த நேரத்தில் நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. எப்போதும் உள்ளேதான் காத்திருந்தேன். சந்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது, கும்மிருட்டு. சாக்கடை எங்கே, படி எங்கே என்று தெரியாது. முனை திரும்பியதும் தூரத்தில் நம் வீட்டு வெளிச்சம். அது ஒன்றுதான். தினமும் இதைப் பார்த்துக்கொண்டுதான் நடந்திருக்கிறாள். உள்ளேயே இருந்து இருந்து எனக்கு அது மறந்தே போயிருந்தது.

கேட்டைத் திறந்தேன். பெரணி காலில் உரசியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டேன். "வந்துட்டேம்மா" என்று அவள் சொல்கிற மாதிரியே சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். அட்டையைப் படித்தேன். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. கடைசியாக வந்ததும் நான்தான்.

அணைத்தேன்.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான் வருகிறேன். கிளம்பும்போது போட்டுவிட்டுப் போகிறேன், சந்து வழியாக வந்து, உள்ளே வந்ததும் அணைத்துவிடுகிறேன். இல்லையென்றால் கை ஒத்துழைக்கவில்லை.

நீங்கள் சொன்னது சரி. ஒரு மாதம் கழித்து இலைக்கடியில் அரிசி மாதிரி ஏதோ தெரிந்தது. நத்தை முட்டையோ என்று கிள்ளி எறியப் போனேன். நல்லவேளை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மொட்டு.

நேற்று காலையில் விரிந்தது. வெள்ளையில் ஊதாப் புள்ளி. குனிந்து பார்த்தேன். பக்கத்தில் கிடந்த ஓட்டுத் துண்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கடையை அன்று திறக்கவில்லை. கடைப் பிள்ளைகளெல்லாம் ஷட்டருக்கு முன்னால் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்களாம்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? பூத்தால் அவளைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அதற்குத்தான் உங்களோடு அவ்வளவு மல்லுக்கட்டினேன். அப்படி இல்லை, மாப்பிள்ளை. பூ பூவாகத்தான் இருக்கிறது. விளக்கு எரிந்தவரை, ஏதோ வேலை, நேரமாகிறது, வருவாள் என்று மனதின் ஒரு மூலையில் இருந்தது. இந்த வயதில் இவ்வளவு புத்தியுள்ளவளுக்கு. பூவைப் பார்த்ததும் அந்த மூலையும் போய்விட்டது. அவள் செத்துப்போனது எனக்கு நேற்றுத்தான் முழுதாகத் தெரிந்தது. நேற்று அழுதது போல் அவளை எடுத்த அன்றுகூட நான் அழவில்லை.

துணி கட்டிய அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள், நான் கேட்டதாக. பூ முடிந்து தண்டு காய்ந்ததும் அவசரப்பட்டு வெட்டிவிடப் போகிறாள். தானாக விழட்டும். அந்தக் காய்ந்த தண்டுதான் குளிரில் தூருக்குப் போர்வை. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மூன்று வருடம் பூக்காத செடியைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தெரிந்தது. உங்கள் பாதியை அனுப்ப வேண்டாம். அவள் தன் பங்கை எங்கே கொண்டு போனாளோ அங்கேயே இருக்கட்டும்.

இந்தப் பூ இன்னும் கொஞ்ச நாள்தான் நிற்கும். வருவதென்றால் இரண்டு பேரும் வாருங்கள். உங்களைப் பார்த்தால் முதலில் கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் வந்து பழையபடி பெட்டியோடு நிற்க வேண்டாம், பின் சந்து வழியாக வாருங்கள். ரயில் எப்போதும்போல் இருட்டியபின்தான் வரும். பூ முடிகிறவரை, நான் உள்ளே வந்தபின் உங்களுக்காகக்கூட அங்கே விளக்கு எரியாது. கையில் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். தரையைப் பார்த்து அடித்துக்கொண்டு வாருங்கள். செடியின்மேல் அடிக்காதீர்கள்.

அத்தை